தரையில் எழுதும் எறும்பு, தலையில் சுமக்கும் பறவை

பிரசல்ஸ் நகரத்து ஆய்வகம் ஒன்றில் அர்ஜென்டினா எறும்புகளின் கூட்டுக்கும் உணவுக்கும் இடையில் இரண்டு கிளைகள் கொண்ட பாலம் வைத்தார்கள். ஒரு கிளை குட்டை, மற்றது நெட்டை. கொஞ்ச நேரத்தில் பெரும்பாலான எறும்புகள் குட்டைக் கிளைக்கு வந்து சேர்ந்தன. கோஸ், ஆரோன், டெனூபூர், பாஸ்டீல்ஸ் ஆகிய நால்வர் 1989இல் வெளியிட்ட இந்த முடிவு புகழ்பெற்றது. அதே ஆய்வின் மற்றொரு பாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. முதலில் நெட்டைக் கிளையை மட்டும் வைத்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துக் குட்டைக் கிளையைச் சேர்த்தபோது எறும்புகள் அதைச் சட்டை செய்யவில்லை. கல்லும் தேயுமளவுக்குப் பழைய வழியிலேயே ஊர்ந்துகொண்டிருந்தன. தரையில் ஊறிக் கிடந்த ஃபெரோமோன் வாசனை அவற்றை விடவில்லை.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1995இல், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நரம்புவலை மாநாடு ஒன்றில் ஜேம்ஸ் கென்னடியும் ரஸ்ஸல் எபர்ஹார்ட்டும் ஒரு கட்டுரை வாசித்தார்கள். முன்னவர் சமூக உளவியலாளர், பின்னவர் மின்பொறியாளர். கணினித் திரையில் பறவைக் கூட்டம் ஒன்றைப் பறக்கவிட்டு, அது சோளக் கொல்லையை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று பார்க்கத் தொடங்கியவர்கள். இந்தப் பறவைகள் தரையில் எதையும் விட்டுச் செல்வதில்லை. தான் இதுவரை கண்டதிலேயே நல்ல இடம் எது, கூட்டம் கண்டதிலேயே நல்ல இடம் எது என்ற இரண்டை மட்டும் ஒவ்வொன்றும் தலையில் சுமந்துகொண்டு பறக்கிறது.

பின்னாளில் இந்த எறும்புக்கும் பறவைக்கும் ஒரே உத்தியோகம் கொடுக்கப்பட்டது: வந்து குவியும் கணிப்பணிகளை எந்தச் சர்வருக்கு அனுப்புவது என்று முடிவு செய்வது. அந்த உத்தியோகத்தில் இரண்டையும் அருகருகே நிறுத்திப் பார்க்கலாம். பணிப் பங்கீடு பார்வைக்கு எளிது. 20 பணிகளை 5 சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வழிகளோ ஏறத்தாழ 95 லட்சம் கோடி. ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்த்துச் சிறந்ததை எடுக்க யாருக்கும் நேரமில்லை. ஓரளவு நல்லதைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் போதும் என்ற நிலையில்தான் எறும்பும் பறவையும் வேலைக்கு வருகின்றன.

இரண்டும் இயற்கையிலிருந்து வந்தவை என்பது பாதிதான் உண்மை. மிலான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1992இல் முனைவர் பட்ட ஆய்வை முடித்த மார்கோ டோரிகோ, தம் கணினி எறும்புகளுக்கு இயற்கை கொடுக்காத சிலவற்றைக் கொடுத்தார். அவற்றுக்குப் போய்வந்த இடங்களின் நினைவுப் பட்டியல் உண்டு. முழுக் குருடும் அல்ல, அடுத்த இடம் அருகிலா தொலைவிலா என்று ஓரளவு தெரியும். கென்னடியும் எபர்ஹார்ட்டும் எதிர்த் திசையில் போனார்கள், இருந்ததை எடுத்துவிட்டார்கள். பக்கத்துப் பறவையின் வேகத்துக்கு ஒத்துப் பறக்க வேண்டும் என்ற விதியை நீக்கினார்கள். தேடல் இன்னும் சுறுசுறுப்பானது. அதோடு, இந்தப் பறவைகள் ஒன்றோடொன்று மோதுவதே இல்லை. இரண்டு பறவைகள் ஒரே புள்ளியில் இருக்கலாம். உளவியலாளரான கென்னடிக்கு இதில் உறுத்தல் ஏதுமில்லை. வானத்தில் இரண்டு உடல்கள் ஓரிடத்தில் இருக்க முடியாது, ஆனால் இரண்டு மனிதர்கள் ஒரே கருத்தில் இருக்க முடியுமல்லவா? அவர் மனத்தில் பறந்தது பறவையைவிட மனிதக் கருத்துதான் என்று எனக்குப் படுகிறது. இறகும் உடலும் உதிர்ந்துபோன பிறகு பறவை என்று சொல்ல அவர்களுக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும். 'துகள்' என்று பெயரிட்டார்கள்.

எறும்புக்குக் கூட்டிக் கொடுத்தார்கள், பறவையிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். பங்கீட்டு வேலையில் இந்த வேறுபாடு உடனே தெரிகிறது.

எறும்பு ஒரு பங்கீட்டைப் பணி பணியாகக் கட்டுகிறது. முதல் பணியை எடுத்து, ஒவ்வொரு சர்வரின்மீதும் இருக்கும் வாசனையின் அடர்த்தியையும் அந்தச் சர்வரின் வேகத்தையும் சேர்த்து நிறுத்துப் பார்த்து, பகடை உருட்டி ஒன்றைத் தேர்கிறது. பிறகு அடுத்த பணி. பறவையோ முழுப் பங்கீட்டையும் ஒரே மூச்சில் வைத்திருக்கிறது. 100 பணி என்றால் 100 எண்கள் கொண்ட வரிசை. ஒவ்வொரு சுற்றிலும் அந்த 100 எண்களும் சிறிது நகரும்.

எறும்பு கட்டிக்கொண்டே போவதால் வழியிலேயே தவறைத் தவிர்க்க முடிகிறது. இந்தப் பணியை அந்தச் சர்வரில் போட்டால் கெடு தாண்டிவிடும் என்று தெரிந்தால், அந்தச் சர்வரைப் பட்டியலில் சேர்க்காமலே பகடை உருட்டலாம். ஒரு பணி முடிந்தால்தான் இன்னொன்று தொடங்க முடியும் என்ற சங்கிலிப் பிணைப்பிலும் இப்படித்தான். அப்போதைக்குத் தயாராக இருக்கும் பணிகளை மட்டும் எறும்பின் முன் வைத்தால் போதும். பறவைக்கு இந்த வசதி இல்லை. நகர்ந்து முடித்த பிறகுதான் கெடு மீறியது தெரியவரும். அதன்பின் அபராதப் புள்ளி போட்டுத் திருத்த வேண்டும்.

ஆனால் கட்டுவதற்குக் கூலி உண்டு. 100 பணி, 10 சர்வர் என்று வைத்துக்கொள்வோம். ஓர் எறும்பு ஒரு பங்கீட்டைக் கட்டி முடிக்க 1,000 முறை நிறுத்துப் பார்க்க வேண்டும். 30 எறும்புகள் 100 சுற்று ஓடினால் 30 லட்சம் கணக்கு. அதே அளவு பறவைக் கூட்டத்துக்கு 3 லட்சம் நகர்வுகள் போதும். பங்கீடு நல்லதா கெட்டதா என்று மதிப்பிடும் செலவு இருவருக்கும் பொது, அதை விட்டுவிடலாம். சர்வர்களின் எண்ணிக்கை கூடக்கூட எறும்பின் சுமை கூடும். பறவைக்கு அது பொருட்டே இல்லை. ஆயிரக்கணக்கான சர்வர்களைக் கட்டியாளும் தரவு மையத்தில் இது சின்ன வேறுபாடு அல்ல.

பறவைக்குள்ள சங்கடம் வேறு வகையானது, எனக்கு மிகவும் சுவையானதும் அதுதான். பறவை பறப்பது தொடர்ச்சியான வெளியில். 2.0க்கும் 3.0க்கும் நடுவே 2.4, 2.7 என்று இடமிருக்கிறது. ஒரு பணியின் எண் 2.4 என்று வந்தால் முழுமையாக்கி இரண்டாம் சர்வருக்கு அனுப்பிவிடலாம், வழக்கமும் அதுதான். ஆனால் சர்வரின் எண் அளவையா, பெயரா? தன் நினைவு இரண்டாம் சர்வரைக் காட்டுகிறது, கூட்டத்தின் நினைவு எட்டாம் சர்வரைக் காட்டுகிறது என்றால், பறவை நடுவாக ஐந்தை நோக்கிப் பறக்கும். இரண்டுக்கும் எட்டுக்கும் இடையில் ஐந்தாம் சர்வர் நிற்கிறது என்பதற்கு என்ன பொருள்? எந்தப் பொருளும் இல்லை. பேருந்துத் தடம் 2க்கும் தடம் 8க்கும் சராசரி தடம் 5 என்று சொல்வதைப் போன்றது இது.

இதைச் சரிக்கட்ட இரண்டு தந்திரங்கள் உண்டு. சர்வர்களை வேகவாரியாக வரிசைப்படுத்திவிட்டு எண் கொடுத்தால் ஐந்துக்கும் ஒரு பொருள் வந்துவிடுகிறது, நடுத்தர வேகம். அல்லது அந்த எண்களைச் சர்வரின் பெயராகப் பார்க்காமல் பணியின் முன்னுரிமையாகப் பார்ப்பது: சிறிய எண் கொண்ட பணி முதலில். முன்னுரிமை என்பது உண்மையிலேயே கூடக் குறைய இருக்கக்கூடியது, ஆகவே பறவை தன் சொந்த வானத்துக்குத் திரும்பிவிடுகிறது. எறும்புக்கு இந்தத் தந்திரம் எதுவும் வேண்டியதில்லை. அதற்குச் சர்வர் என்பது பாலத்தின் ஒரு கிளை. கிளைகளுக்கு நடுவே எதுவும் கிடையாது.

இவ்வளவு சங்கடம் இருந்தும் மேகக் கணிமைக்குள் பறவை துணிந்து நுழைந்தது. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் ராஜ்குமார் புய்யாவின் குழு (பாண்டே, வூ, குரு ஆகியோருடன்) 2010இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. ஒன்றையொன்று சார்ந்த பணிகளின் கோவையைப் பறவை முறையில் பங்கிட்டு, ஒவ்வொரு பணிக்கும் அப்போதைக்குச் சிறந்த சர்வரைத் தேரும் வழக்கமான முறையோடு ஒப்பிட்டார்கள். செலவு மூன்றில் ஒரு பங்காகக் குறையும் அளவுக்குச் சேமிப்பு கிடைத்தது என்றது கட்டுரை. அவர்கள் கணக்கில் எடுத்தது கணிப்புக் கட்டணத்தோடு தரவை இடம் மாற்றும் கட்டணத்தையும் சேர்த்து. அந்தக் கட்டுரை வாசிக்கப்பட்ட மாநாடு நடந்த ஊர் பெர்த். பறவை முதலில் பறந்த அதே ஊர், பதினைந்து ஆண்டு இடைவெளியில். யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள்.

எறும்பு பங்கீட்டு வேலைக்குப் புதிது அல்ல. மேகம் என்ற பேச்சே எழாத 1994இல் தொழிற்சாலை இயந்திரங்களுக்கு வேலை பிரிக்க டோரிகோவும் கூட்டாளிகளும் அதை அனுப்பினார்கள். பிறகு 2009இல், மேகத்துக்கு முன்னோடியான கட்டக் கணிமையில், வெய்-நெங் சென்னும் ஜுன் ஜாங்கும் பணிக்கோவைகளைப் பங்கிட எறும்புகளைப் பயன்படுத்தினார்கள். பறவை பின்னால் வந்து மேகத்தில் பெயர் வாங்கியது; எறும்பு முன்னாலேயே வந்து தரைமட்ட வேலைகளைச் செய்துகொண்டிருந்தது.

இதுவரை வேற்றுமை. இனி நான் எதிர்பாராத ஓர் உறவு.

இரு முறைகளின் சமன்பாடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்தால் இரண்டிலும் ஒன்றுக்குக் குறைவான ஓர் எண் கண்ணில் படும். எறும்பில் அது ஆவியாதல் வீதத்திலிருந்து வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் வாசனையில் பத்தில் ஒரு பங்கு ஆவியாகிறது என்றால், மிஞ்சுவது 0.9, ஏழு சுற்றில் பழைய வாசனை பாதிக்கும் கீழே போய்விடும். பறவையில் அதன் பெயர் சடத்துவ எடை: முந்தைய வேகத்தில் எவ்வளவைத் தக்கவைத்துக்கொள்வது என்பது. மோரிஸ் கிளர்க்கும் கென்னடியும் 2002இல் கணிதவழி கண்டடைந்த மதிப்பு ஏறத்தாழ 0.73, இரண்டு அடியில் பழைய வேகத்தின் தாக்கம் கிட்டத்தட்டப் பாதிக்கு வந்துவிடும். ஒன்று வாசனை, மற்றது வேகம். செய்யும் வேலை ஒன்றுதான், மறதி. பாலத்தின் நெட்டைக் கிளையில் சிக்கிக்கொண்ட உயிருள்ள எறும்புகளிடம் இல்லாமல் போனது இந்த மறதிதான். அவற்றின் ஃபெரோமோன் போதுமான வேகத்தில் கரையவில்லை. கணினி எறும்புக்கு டோரிகோ தொடக்கத்திலேயே வேகமான மறதியைக் கொடுத்தார்.

பறவைக்குத் தொடக்கத்தில் மறதி இல்லை. 1995ஆம் ஆண்டுச் சமன்பாட்டில் பழைய வேகம் முழுதாகவே அடுத்த அடிக்குப் போனது. கட்டுமீறிச் சிதறாமல் இருக்க, இதற்குமேல் வேகமாகப் போகக்கூடாது என்று ஒரு கடிவாளம் போட்டிருந்தார்கள். யூஹுய் ஷியும் எபர்ஹார்ட்டும் சடத்துவ எடையைச் சேர்த்தது 1998இல். எறும்பின் கதை இதற்குத் தலைகீழ். மறதி பிறவியிலேயே இருந்தது, கடிவாளம் இல்லை. ஒரு தடத்தில் வாசனை ஏறிக்கொண்டே போய் எல்லா எறும்பும் அதிலேயே விழுந்துவிடுவது அதன் பழைய நோய். தாமஸ் ஸ்டுட்ஸ்லேயும் ஹோல்கர் ஹூஸும் 2000இல் முழு வடிவில் வெளியிட்ட திருத்தத்தில், வாசனைக்கு இதற்குமேல் ஏறாதே என்று ஓர் உச்சவரம்பும், இதற்குக்கீழ் இறங்காதே என்று ஒரு கீழ்வரம்பும் வந்தன. அதே திருத்தத்தில், எல்லா எறும்பும் தடம் பதிக்கக்கூடாது, சிறந்த எறும்பு மட்டுமே பதிக்கலாம் என்ற விதியும் வந்தது. கூட்டத்தின் சிறந்த நினைவை எல்லாப் பறவைகளும் நம்புவதற்கு இது எவ்வளவு நெருக்கம்! கடிவாளத்தோடு பிறந்த பறவை மறதியைக் கற்றது, மறதியோடு பிறந்த எறும்பு கடிவாளத்தைக் கற்றது.

மேகத்திலிருந்து விளிம்புக்கு இறங்கினால் தராசு மறுபடியும் ஆடுகிறது. விளிம்புக் கணிமை ஏன் வந்தது என்பதற்கு இயற்பியலே பதில் சொல்லும்: ஒளியிழையில் ஒளி ஒரு மில்லிநொடியில் சுமார் 200 கி.மீ. போகும். தரவு மையம் 1,000 கி.மீ. தொலைவில் இருந்தால், சர்வர் கண நேரத்தில் வேலையை முடித்தாலும் போகவர 10 மில்லிநொடி வழியிலேயே கழிந்துவிடும். எனவே கணிப்பைப் பயனரின் பக்கத்திலேயே வைப்போம் என்று 2009இல் கூட்டாளிகளோடு வாதிட்டவர் சென்னை ஐஐடியில் படித்த மகாதேவ் சத்யநாராயணன். 'கிளவுட்லெட்' என்ற சொல் அங்கிருந்து வந்தது. இப்படிப் பக்கத்தில் வைக்கும் சர்வர்கள் சிறியவை. எந்த நேரமும் நிரம்பலாம், இணைப்பு அறலாம், பயனரே நகர்ந்து போய்விடலாம்.

மேலோட்டமாகப் பார்த்தால் தரை நகரும் இடத்தில் தரையில் எழுதும் எறும்புக்குத்தான் ஆபத்து என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். நடப்பது வேறு. எறும்பின் நினைவு துண்டுதுண்டானது: இந்தப் பணிக்கு இந்தச் சர்வர் எவ்வளவு பொருந்தும் என்று கட்டம் கட்டமாக எழுதிய அட்டவணை. ஒரு சர்வர் செத்துப்போனால் அதற்குரிய பத்தியை மட்டும் அழித்துவிடலாம். மற்றக் கட்டங்களில் எழுதியது பெரும்பாலும் அப்படியே செல்லும். பறவையின் நினைவு ஒரு முழுப் பங்கீடு. அந்தப் பங்கீட்டுக்கு அது தந்த மதிப்பெண், செத்த சர்வர் உயிரோடிருந்த காலத்தது. இப்போது இல்லாத சோளக் கொல்லையை நினைத்துக்கொண்டு கூட்டமே அங்கு பறக்கும். நினைவுகளை மறுபடி மதிப்பிட்டுத் திருத்தலாம்தான். ஆனால் மாற்றம் நடந்தது என்று யாராவது அதற்குச் சொல்ல வேண்டும்.

எறும்புக்கு ஆதரவாகத் தராசைச் சாய்த்துவிட்டேனோ என்று பார்த்தால் அப்படியும் இல்லை. எறும்பின் அட்டவணை பணிவாரியாக எழுதப்பட்டது. இந்தத் தொகுதியின் 17ஆம் பணியும் அடுத்த தொகுதியின் 17ஆம் பணியும் ஒன்றல்ல. சர்வர் மாறாவிட்டாலும் பணி மாறிவிடுகிறது, எழுதியது வீணாகிறது. சந்திக் கேமராவின் படச்சட்டம், இதயத்துடிப்புக் கருவியின் அளவீடு என்று ஒரே வகைப் பணி திரும்பத் திரும்ப வரும் இடத்தில், பணிக்குப் பதில் பணிவகைக்கு வாசனை எழுதினால் இது தீரும். ஒவ்வொரு பணியும் புதுவிதமாக இருக்கும் இடத்தில் எறும்பு ஒவ்வொரு முறையும் வெறுந்தரையில்தான் தொடங்க வேண்டும். அங்கே கணக்குக் குறைந்த பறவை முந்திவிடும்.

மையம் இல்லாமல் இயங்குவதிலும் இப்படியே. 1998இல் டி காரோவும் டோரிகோவும் வெளியிட்ட ஆன்ட்நெட், வலைப்பின்னலில் தரவுப் பொட்டலங்களுக்கு வழிகாட்டும் எறும்பு முறை. அதில் அட்டவணை ஒரே இடத்தில் இல்லை. ஒவ்வொரு கணுவும் தன் பங்கை மட்டும் வைத்திருக்கிறது, கடந்துபோகும் எறும்புகள் அதைத் திருத்திவிட்டுப் போகின்றன. விளிம்புக்கு வேண்டியதும் இத்தகைய ஏற்பாடுதான். பறவைக்கோ கூட்டத்தின் சிறந்த நினைவை எல்லோருக்கும் அறிவிக்க ஓர் ஒலிபெருக்கி வேண்டும். ஆனால் கென்னடியும் எபர்ஹார்ட்டும் அதே 1995இல் இன்னொரு வடிவமும் கொடுத்திருந்தார்கள்: வட்டமாக நிற்கும் பறவைகள், இரு பக்கத்து அயலாரிடம் மட்டும் பேச்சு. செய்தி மெதுவாகப் பரவும், கூட்டம் அவசரப்பட்டு ஓரிடத்தில் குவியாது, ஒலிபெருக்கியும் தேவையில்லை. இங்கேயும் இரண்டும் ஒரே வாசலில் வந்து நிற்கின்றன.

இந்த இரண்டுக்கும் பிறகு இயற்கையில் மிச்சமிருந்த உயிரினங்கள் எல்லாம் வரிசையாகக் கணினிக்குள் இழுத்து வரப்பட்டன: ஓநாய், வௌவால், மின்மினி, குயில், திமிங்கிலம். உயிரில்லாத நீர்த்துளிகூட விடுபடவில்லை. புது விலங்கின் பெயரைச் சூட்டிப் பழைய சரக்கை விற்கிறார்கள் என்று கென்னத் ஸோரென்சன் 2015இல் கடுமையாகவே எழுதினார். அதற்குப் பின் காமாச்சோ-வில்லலோன், டோரிகோ, ஸ்டுட்ஸ்லே ஆகியோர் சில முறைகளின் உருவகத் தோலை உரித்து உள்ளேயிருக்கும் சமன்பாட்டைப் பார்த்தார்கள். சாம்பல் ஓநாய், மின்மினி, வௌவால் மூன்றுக்குள்ளும் இருந்தது பறவை. நீர்த்துளிக்குள் இருந்தது எறும்பு. எறும்பைப் பெற்றவரே பறவைக்காகவும் சாட்சி சொன்னார் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. விளிம்புக் கணிமைக்குப் புதிய விலங்கொன்றைக் கொண்டுவந்து முந்தைய எல்லாவற்றையும் வென்றதாகச் சொல்லும் கட்டுரையைப் படிக்கும்போது, முதலில் தோலை உரித்துப் பார்ப்பது இப்போது என் வழக்கமாகிவிட்டது. அந்தச் சோதனைகளில் பலவும் உண்மைச் சர்வர்களில் அல்ல, கிளவுட்சிம், ஐஃபாக்சிம் போன்ற பாவனை மென்பொருள்களில் நடப்பவை என்பதையும் மறந்துவிடுவதில்லை.

இரண்டையும் சேர்த்துக் கட்டும் கலப்பு முறைகளும் உண்டு. பெரும்பாலானவை இரண்டையும் மாறி மாறி ஓடவிடுவதோடு நின்றுவிடுகின்றன. நன்றாகச் சிந்தித்த ஒரு வகையில் மட்டும் வேலைப் பிரிவினை இருக்கிறது. பணியைச் சர்வரோடு சேர்ப்பது எறும்பின் பொறுப்பு. அங்கே நடுவெளி இல்லை, பாலத்தின் கிளைகள் மட்டுமே. எறும்பு வாசனையை எவ்வளவு நம்ப வேண்டும், சர்வர் வேகத்தை எவ்வளவு நம்ப வேண்டும், ஆவியாதல் வீதம் 0.1ஆ 0.3ஆ என்பவை தொடர்ச்சியான எண்கள், 0.1க்கும் 0.3க்கும் நடுவில் 0.2 உண்மையாகவே இருக்கிறது, அதற்குப் பொருளும் இருக்கிறது. அந்த எண்களைத் தேடிப் பிடிக்கப் பறவைக் கூட்டத்தை அனுப்புகிறார்கள். கீழே எறும்பு எவ்வளவு மறக்க வேண்டும் என்பதை மேலே பறவை தேடிக்கொண்டிருக்கிறது.